அரை இன்ச் ஸ்டட், பன்னிரண்டு மில்லி ஓட்டை

(ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியது. வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன தடவை ஜீப்போட வயரிங் பத்திப் பேசினப்போ, "வீல் மாத்தினீங்களே, அது என்னாச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரு வருஷமா அதைப் பத்திப் பேசாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். காரணம் ரொம்ப சிம்பிள். அதுல தப்பு முழுக்க என்னுது. இன்னிக்கு அதைச் சொல்லிடறேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல திண்டிவனத்துல ஒரு கிரகப்பிரவேசம். அக்காவும் அவ பையனும் பின்னாடி. ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு தாண்டியாச்சு, மதுராந்தகம் ஏரி இன்னும் வரல. வண்டி 60ல போய்க்கிட்டிருக்கு. பின்னாடி இருந்து ஒரு சத்தம். "டொக்... டொக்... டொக்"னு, வேகத்துக்கு ஏத்த மாதிரி கூடுது, குறையுது. பழைய ஜீப் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், சத்தம் இல்லாத ஜீப்னா அது நின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். பிராப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் போயிருக்கும், திண்டிவனத்துல பாத்துக்கலாம்னு நினைச்சேன். அக்கா தான் சொன்னா: "டேய், சத்தம் இல்லடா, சீட்டே ஆடுது. ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். வலது பின் வீல்ல அஞ்சு நட்டுல ஒண்ணைக் காணோம். ரெண்டு நட்டு கை விரல்ல சுத்துது. மிச்சம் ரெண்டு தான் அந்த வீலைப் பிடிச்சு வச்சிருக்கு. அக்கா பையன் இறங்கி வந்து பாத்துட்டு, "மாமா, ஸ்க்ரூ கழண்டு போச்சு"ன்னு சிரிக்கிறான். அவனுக்கு ஆறு வயசு. எனக்குக் கால் நடுங்கிடுச்சு.

இப்ப கொஞ்சம் பின்னாடி போறேன்.

வண்டி ஒரு மஹிந்திரா எம்எம் 540. பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்துல தேங்காய் ஏத்திக்கிட்டிருந்த வண்டி. ரெண்டு வருஷமா வார இறுதி எல்லாம் அதோட தான். இன்ஜின், பிரேக், பாடி எல்லாம் முடிச்சாச்சு. வீல் மட்டும் பழைய ஸ்டீல் ரிம். எனக்கு அலாய் போடணும்னு ஆசை. புதுப்பேட்டையில சுத்தும்போது ஜிப்ஸிக்குப் போடற செட் ஒண்ணு கிடைச்சுது, நாலும் வளைவு இல்லாம.

ஜிப்ஸி வீல் ஜீப்புக்கு எப்படி வரும்னு கேக்கலாம். இந்த மஹிந்திராவோட வம்சம் அமெரிக்க வில்லிஸ் ஜீப். ஸ்டட் அஞ்சு, அதெல்லாம் இருக்கிற வட்டத்தோட விட்டம் அஞ்சரை இன்ச். அதான் 139.7 மில்லி. 1985 கடைசியில இங்க வந்த மாருதி ஜிப்ஸி ஜப்பான் சுசுகி வண்டி, ஆனா அதுலயும் அஞ்சு ஸ்டட், அதே 139.7. இதைத்தான் பிசிடின்னு சொல்வாங்க. அஞ்சு ஓட்டை வீல்ல பிசிடி அளக்கறது கொஞ்சம் குழப்பம், எதிரெதிரா ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த ரெண்டு ஓட்டையோட நடுவுக்கு நடு அளந்து 1.7 ஆல பெருக்குங்க. 82 மில்லி வந்தா உங்களுது 139.7. நான் அளந்தேன், வந்துது. நடு ஓட்டைக்குள்ள ஹப்பும் போச்சு. அவ்வளவுதான், காசு குடுத்துத் தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து வீலைத் தூக்கி ஸ்டட்ல மாட்டறேன், ஏறல. ஒரு ஸ்டட்ல கூட ஏறல.

வெர்னியர் வச்சுப் பாத்தேன். ஜிப்ஸி ஸ்டட் 12 மில்லி. ஜீப் ஸ்டட் அரை இன்ச், அதாவது 12.7 மில்லி. அலாய் ஓட்டை அடியில 12.4 தான் இருந்துது. வழக்கமா ஓட்டையை இன்னும் தாராளமா விட்டிருப்பாங்க, நிறைய ஜிப்ஸி வீல் ஜீப்ல தானா ஏறிடும். எனக்குக் கிடைச்சது பிடிவாதக்கார வீல். தடையா இருந்தது 0.3 மில்லி. நகம் கூட அதைவிடக் கொஞ்சம் தடிமன். 0.3 மில்லி தானேன்னு தோணிச்சு பாருங்க, அங்க ஆரம்பிச்சுது எல்லாம்.

ஆளாளுக்கு ஒரு யோசனை. தெரு முனை மெக்கானிக், "அண்ணே, மேல நட்டு போட்டு இறுக்குங்க, தானா ஏறிடும்"னார். ஸ்டட் திரெட் அலாயை அறுத்துக்கிட்டு ஏறும்தான். அப்புறம் அந்த வீலை எப்படிக் கழட்டறது? இன்னொருத்தர், "ஸ்டட் மேலேயே 12 மில்லி டை ஓட்டிடுங்க"ன்னார். தயவுசெஞ்சு அதைப் பண்ணிடாதீங்க. பழைய திரெட்டோட பள்ளம் அப்படியே அடியில இருக்கும், அது மேல புதுத் திரெட் வெட்டினா ரெண்டுமே உருப்படாது. ஸ்டட்டையே மாத்தி 12 மில்லி அடிக்கலாமேன்னு கேட்டா, ஹப் ஓட்டை அந்தப் பழைய ஸ்டட்டோட பல்லுக்கு ஏத்த அளவுல இருக்கு. மெல்லிசு ஸ்டட் அதுல பிடிக்காது. அடாப்டர் ஒண்ணு இருக்கு, நடுவுல ஒரு தட்டு வச்சு அதுல வேற ஸ்டட். வீல் வெளிய தள்ளிப் போகும், பேரிங் மேல பாரம் கூடும், இறுக்க வேண்டிய நட்டு பத்தாகும். எனக்குப் பிடிக்கல.

கடைசியில நான் பண்ணினது: கைல பிடிக்கிற ட்ரில்லிங் மிஷின், 14 மில்லி பிட், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். அலுமினியத்துல பெரிய பிட் விட்டா அது மெதுவா வெட்டாது, கடிச்சு இழுக்கும். மிஷின் கையை முறுக்குது, பிட் ஆடுது. அஞ்சுல மூணு ஓட்டை கொஞ்சம் நகந்துடுச்சு. நகந்ததால ஸ்டட் வரிசை சேரல. சேரலன்னதும் வட்ட அரத்தை எடுத்து ராவ ஆரம்பிச்சேன். சாயந்திரம் ரெண்டு வீல் முடிஞ்சுது, பின்னாடி ரெண்டும் மாட்டிட்டேன். முன்னாடி ரெண்டும் அடுத்த வாரம்னு விட்டுட்டேன். அந்தச் சோம்பேறித்தனம் தான் பின்னாடி கொஞ்சம் காசு மிச்சம் பண்ணிக் குடுத்துது.

மாட்டி இறுக்கினதும் பாக்க அட்டகாசமா இருந்துது. ஃபோட்டோ எல்லாம் போட்டேன், நீங்க பாத்திருப்பீங்க. லைக் போட்டவங்க மன்னிச்சுக்கோங்க.

சரி, ரோட்டோரத்துக்கு வருவோம். வீல் ஸ்பேனர் எடுத்து இறுக்கறேன். இறுகுற மாதிரி இருக்கு, கொஞ்சம் தட்டினா திரும்பத் தளருது. அந்த வீலை நம்பறதில்லன்னு முடிவு பண்ணி ஸ்டெப்னியை எடுத்தேன். அது பழைய ஸ்டீல் ரிம். ஆனா நட்டு ஒண்ணு குறையுது. சரி, இடது பின் வீல்ல இருந்து ஒண்ணு கழட்டி இங்க போடலாம்னு கழட்டினேன். போடறேன், ஏறவே இல்ல. ஒரு சுத்து கூடப் பிடிக்கல.

ஏன்னா அந்தப் பக்கம் இடது திரெட். வில்லிஸ் வம்சத்துல இது ஒரு பழைய பழக்கம். வலது பக்கம் சாதாரணத் திரெட், இடது பக்கம் தலைகீழ்: கடிகார முள் சுத்தற பக்கம் சுத்தினா கழலும், எதிர்ப்பக்கம் சுத்தினா இறுகும். சைக்கிள்ல இடது பெடல் இப்படித்தான் இருக்கும், அதே யோசனை. வீல் சுத்தற வேகத்துல நட்டு தானா தளராம இருக்கணும்னு அப்படி வச்சாங்க. நட்டோட அடிப்பாகம் கூம்பா வந்து, வீலோட கூம்புக்குள்ள சரியா உக்காந்துட்டா இதுக்கு அவசியமே இல்லன்னு பின்னாடி எல்லா கார்லயும் விட்டுட்டாங்க. பழைய ஜீப் வாங்கப் போறவங்க யாராவது இருந்தா ஒரு வேண்டுகோள். டயர் கடைல ஏர் கன் எடுக்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடுங்க. பெரியவங்களுக்குத் தெரியும். புதுசா வேலைக்குச் சேர்ந்த பையன் கழட்டறேன்னு நினைச்சு இறுக்கிக்கிட்டே போய் ஸ்டட்டை முறிச்சுடுவான்.

நாலு நட்டோட ஸ்டெப்னியை மாட்டி, நடந்து போற வேகத்துல பக்கத்து பெட்ரோல் பங்க்ல கொண்டு போய் நிறுத்தினேன். இடது பின் வீலையும் பாத்தேன். அங்கயும் அஞ்சு நட்டும் கால் சுத்து வாங்குச்சு. அக்காவையும் பையனையும் பஸ் ஏத்தி விட்டேன். அக்கா திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துது. "நீ தான மாட்டின?"ன்னு மட்டும் கேட்டா. மறுநாள் நண்பனோட பழைய ஸ்டீல் ரிம்மை எடுத்துட்டுப் போய் மாட்டி ஓட்டிட்டு வந்தேன்.

அந்த ரெண்டு அலாயையும் அம்பத்தூர்ல ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். வயசானவர், வாழ்நாள் பூரா மிஷின்ல நின்னவர். வீலைக் கையில வாங்கினதும் திருப்பிக்கூடப் பாக்கல, ஓட்டைக்குள்ள விரலை விட்டுச் சுத்தினார். "தம்பி, ஓட்டையைப் பெருசாக்கறது ஒரு வேலை இல்ல. இந்தக் கோன் தான் வேலை. அதைக் கொன்னுட்டீங்களே"ன்னார்.

அப்புறம் ஒரு விஷயம் பண்ணிக் காட்டினார். நட்டோட கூம்புல பிரஷ்யன் ப்ளூ லேசாத் தடவி, நான் தொடாத ஒரு வீல்ல கையால வச்சுத் திருகி எடுத்தார். ஓட்டையைச் சுத்தி அழகா ஒரு முழு நீல வளையம். அதே நட்டை நான் அரம் போட்ட ஓட்டைல வச்சு எடுத்தார். மேல ஒரு பிறை, கீழ ஒரு பிறை. அவ்வளவுதான் நீலம். ரெண்டே இடத்துல தான் நட்டு வீலைத் தொட்டுக்கிட்டிருந்திருக்கு.

இதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னு சொல்றேன். வீலைத் தூக்கிப் பிடிக்கறது ஸ்டட்னு தான் நான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன், ஆணியில காலண்டர் தொங்கற மாதிரி. அப்படி இல்ல. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் மாதிரி ஒரு துளி நீளுது. நீண்டது சுருங்கப் பாக்குது, அந்த இழுவை வீலை ஹப் மேல வச்சு அமுக்குது. அந்த அமுக்கத்துல வர்ற உராய்வு தான் வீலைப் பிடிக்குது. அரை இன்ச் ஸ்டட்டை 80 பவுண்டு-அடிக்கு, அதாவது சுமார் 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினா, காஞ்ச திரெட்ல ஒரு ஸ்டட்டுக்குக் கணக்குப்படி 4 டன்னுக்கு மேல இழுவை வருது. அஞ்சுக்கும் சேத்து 20 டன்.

இப்ப அந்த 4 டன் முழுக்க ரெண்டு பிறை மேல விழுந்தா? அலுமினியம் மெத்து உலோகம். நசுங்கும். அரை மில்லி நசுங்கினா போதும், ஸ்டட் நீண்டிருந்தது எல்லாம் போச்சு, இழுவையும் போச்சு. அப்புறம் வீல் ஹப் மேல நழுவ ஆரம்பிக்கும், நட்டு ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா அசையும். நான் ரோட்டுல எத்தனை தடவை இறுக்கினாலும் தளர்ந்துக்கிட்டே போனதுக்கு இதான் காரணம். இறுகினது நட்டு இல்ல, அலாய் உள்ள அமுங்கிக்கிட்டிருந்தது.

இன்னொண்ணு. என் ஜீப்ல அந்த அலாயோட நடு ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவுல இடைவெளி இருந்துது. அப்போ வீல் நடுவுல உக்காரணும்னா அதைச் செய்யறது அந்த அஞ்சு கூம்பும் தான். நான் ஓட்டையை நகத்தினப்போ வீலோட நடுவையே நகத்திட்டேன்.

பெரியவர் கெட்டுப்போன ரெண்டையும் தொட மாட்டேன்னுட்டார். "வெல்டு வச்சு நிரப்பித் திருப்பிக் கடையலாம்ல ஐயா?"ன்னு கேட்டேன். "பூந்தொட்டி ஆக்கறதுன்னா பண்ணித் தரேன். ரோட்ல ஓட்டறதுன்னா வேற ஆளைப் பாரு"ன்னார். தொடாத ரெண்டை மட்டும் எடுத்துக்கிட்டார். மில்லிங் மிஷின் டேபிள்ல வீலைக் கட்டி, டயல் வச்சு ஒவ்வொரு கூம்போட நடுவையும் பிடிச்சு, அந்த நடுவுல இருந்து ஓட்டையை 13.5 மில்லிக்குக் கடைஞ்சார். ஸ்டட்டைச் சுத்தி 0.4 மில்லி இடம், அது போதும். கூம்புல கை வைக்கல, கடைசியா 60 டிகிரி கட்டரை லேசாத் தொட்டு, பிசிறை மட்டும் எடுத்தார். ரெண்டு வீலுக்குப் பத்து ஓட்டை, அரை நாள் வேலை. நட்டுல ப்ளூ தடவிப் பாத்தோம். பத்துலயும் முழு வளையம்.

நான் ராவி எடுத்த அளவும் அவர் கடைஞ்ச அளவும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், கேட்டுக்கோங்க. அவர் எடுத்தது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அவ்வளவு தான் வித்தியாசம்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "அந்த ஜிப்ஸி நட்டு எல்லாம் என்ன பண்ணினீங்க?" அது ஜீப் ஸ்டட்ல ஏறல, தூக்கிப் போட்டுட்டேன்னேன். "அது பரவாயில்ல. ஜீப் நட்டை ஜிப்ஸில போட்டுடாதீங்க"ன்னார்.

எனக்குப் பக்குனு ஆச்சு. ஏன்னா போட்டிருந்தோம்.

இது தான் இந்த எபிசோடுல நான் சொல்லியே ஆகணும்னு நினைச்ச விஷயம். ஜிப்ஸி ஸ்டட் 12 மில்லி, திரெட் இடைவெளி 1.25 மில்லி. ஜீப் ஸ்டட் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 திரெட். அதை மில்லில மாத்தினா 1.27. பாத்தீங்களா, கிட்டத்தட்ட ஒண்ணு. ஸ்பேனரும் வித்தியாசம் சொல்லாது. ஒண்ணு 19 மில்லி, இன்னொண்ணு முக்கால் இன்ச், அது 19.05. ஒரே ஸ்பேனர் ரெண்டுக்கும் உக்காரும். 12 மில்லி நட்டு அரை இன்ச் ஸ்டட்ல ஏறாது, அதனால அங்க ஆபத்து இல்ல. ஆனா அரை இன்ச் நட்டு 12 மில்லி ஸ்டட்ல சுகமா ஏறும். கையாலயே கடைசி வரைக்கும் போகும். போய் இறுகவும் செய்யும். ஆனா உள்ள திரெட் திரெட்டைப் பிடிக்கறது வழக்கத்துல மூணுல ஒரு பங்கு அளவு தான், நுனியும் நுனியும் மட்டும். ஒரு குழில விழுந்து எழுந்தா உருவிக்கிட்டு வந்துடும்.

என் நண்பன் ஒருத்தன் ஜிப்ஸி வச்சிருக்கான். எங்கிட்ட மிச்சம் இருந்த ஜீப் நட்டுல மூணு அவன் வண்டியில இருந்துது, புதுசா குரோம் அடிச்சிருக்கு, அழகா இருக்குன்னு எடுத்துட்டுப் போனான். அவன் அப்போ குடும்பத்தோட ஏற்காடு கிளம்பறதா இருந்தான். பட்டறை வாசல்ல நின்னே போன் பண்ணினேன். முதல் தடவை எடுக்கல. ரெண்டாவது தடவையும் எடுக்கல. மூணாவது தடவை எடுத்தான், வீட்டுல தான் இருந்தான். "நட்டை ரெண்டு சுத்து மட்டும் மாட்டிட்டு ஆட்டிப் பாரு"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "மச்சி, கடகடன்னு ஆடுதுடா"ன்னான். ஒரு நட்டுல உள்ளே பாத்தா திரெட் நுனி பளபளன்னு தேஞ்சிருந்துதாம்.

நீங்களும் இப்பவே இதைப் பண்ணிப் பாக்கலாம். சரியான நட்டு ரெண்டு சுத்து ஏறினதுமே ஆடறது நல்லாக் குறைஞ்சுடும். தப்பான நட்டு தொளதொளன்னே இருக்கும். அப்புறம் சுத்தை எண்ணுங்க. ஸ்டட் எவ்வளவு தடிமனோ, குறைஞ்சது அவ்வளவு நீளத்துக்கு நட்டு உள்ள போகணும். அரை இன்ச்சுக்குப் பத்து சுத்து, 12 மில்லிக்கும் கிட்டத்தட்ட பத்து. ஸ்டீல் ரிம்ல இருந்து அலாய்க்கு மாறினா அலாய் தடிமன் அதிகம், ஏழு எட்டு சுத்துலயே நின்னுடும் பல வண்டில. அப்போ நீளமான ஸ்டட் வேணும், இல்ல அந்த வீல் உங்களுக்கு வேணாம்.

மாட்டறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. வீல் தூக்கி இருக்கும்போதே எல்லா நட்டையும் கையால உக்கார வைங்க. வரிசையா இறுக்காதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு, நட்சத்திரம் போடற மாதிரி. வண்டியை இறக்கிட்டு டார்க் ரெஞ்ச். திரெட்ல ஆயில், கிரீஸ் தடவற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு, துருப் பிடிக்கக்கூடாதுன்னு. தடவினா அதே டார்க்குக்கு ஸ்டட் இன்னும் அதிகமா இழுபடும். நான் தடவறதில்ல. 80, 100 கிலோமீட்டர் ஓட்டினதும் திரும்ப ஒரு தடவை.

இப்ப என் ஜீப்ல நாலு பக்கமும் பழைய ஸ்டீல் ரிம் தான், கறுப்பு பெயிண்ட் அடிச்சு. பெரியவர் கடைஞ்சு குடுத்த ரெண்டு அலாய் கட்டிலுக்கு அடியில இருக்கு. அதே மாதிரி இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு தேடிக்கிட்டிருக்கேன், யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. நான் கெடுத்த ரெண்டுல ஒண்ணு மொட்டை மாடியில தண்ணி பைப் சுத்தி வைக்க உபயோகப்படுது.

போன மாசம் அக்காவும் பையனும் முதல் தடவையா திரும்ப அந்த ஜீப்ல ஏறினாங்க. ஏறறதுக்கு முன்னாடி பையன் வீல் வீலா நின்னு, விரல் வச்சு ஒவ்வொரு நட்டா எண்ணினான். இருபதும் இருந்துது. அப்புறம் தான் அக்கா கதவைத் திறந்தா.

அடுத்த எபிசோடுல ஸ்டியரிங் பாக்ஸ். பாக்கலாம்.